குறைந்த செலவில் தையல் பழக: பழைய மிஷினிலிருந்து முதல் ஜாக்கெட் வரை

தையல் படிக்க வருகிற பெண்கள் பெரும்பாலும் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: “அக்கா, எனக்கு ஜாக்கெட் மட்டும் சொல்லிக்குடுத்துடுங்க, போதும்.” ஆசை நியாயமானது. ஆனால் ஜாக்கெட்டில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் மிஷினுக்கு உறை போட்டு மூலையில் ஒதுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கால் பழகவில்லை, நேர்கோடு வரவில்லை, துணி எந்தப் பக்கம் இழுபடும் என்று தெரியவில்லை. அதற்குள் வளைவும் டாட்டும் (உடம்புக்கு ஏற்பக் கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) கையும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். தாண்டிப் போகாதீர்கள்.

1. பணத்தை எதில் முதலில் போடுவது

புதிதாக வருபவர்கள் மிஷினுக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, காய்கறி வெட்டும் கத்தரியால் துணி வெட்டுகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றுங்கள். மிஷின் பழையதாக இருக்கலாம். கத்தரிக்கோலும் ஊசியும் நல்லதாக இருக்க வேண்டும்.

துணிக்கென்று ஒரு 9 அல்லது 10 அங்குலக் கத்தரிக்கோல் வாங்குங்கள். அதால் காகிதம் வெட்டக் கூடாது, வீட்டில் வேறு யாரும் தொடவும் கூடாது. காகிதம் கத்தரியின் முனையை மழுக்கும். மழுங்கிய கத்தரி துணியை வெட்டாமல் மென்று தள்ளும், அளவு கால் அங்குலம் மாறிப்போகும். காகிதத்துக்கு வீட்டில் கிடக்கும் பழைய கத்தரி போதும்.

இவை தவிர வேண்டியவை: இஞ்ச் டேப், 12 அங்குல ஸ்கேல், மார்க்கிங் சாக், குண்டூசி ஒரு டப்பா, தையல் பிரிக்கும் சின்னக் கருவி, 16-ஆம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட், 14-ஆம் நம்பர் ஊசி ஒரு பாக்கெட், நான்கைந்து பாபின் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை), வெள்ளை, கறுப்பு நூல்கண்டுகள். இஞ்ச் டேப்பை வாங்கும்போது ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள். இழுபட்டுப்போன மலிவு டேப்பில் 36 அங்குலத்துக்கு அரை அங்குலம் வரை வித்தியாசம் வருவதுண்டு. அதை வைத்து எடுத்த அளவெல்லாம் வீண்.

இப்போதைக்கு வேண்டாதவை: மோட்டார், ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின், எம்பிராய்டரி மிஷின், வளைவு வரையும் பிரெஞ்ச் கர்வ் செட், டிசைன் புத்தகங்கள். மோட்டாரை நான் குறிப்பாக வேண்டாம் என்பேன். காலால் மிதிக்கும்போது வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். கை துணியை நடத்தப் பழகும். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இங்கே காவிரி டெல்டாவில் அது சின்ன விஷயம் இல்லை.

2. பழைய மிஷினைப் பார்த்து வாங்குவது

கறுப்பு உடம்பு, இரும்பு ஸ்டாண்டு, மரப்பலகை வைத்த சாதாரண நேர்தையல் மிஷின் போதும். உஷா, சிங்கர், மெரிட் எதுவானாலும் சரி, உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்க வேண்டும். அதனால் மிஷினை விலை பேசுவதற்கு முன்னால், அதன் பாபினைக் கொண்டுபோய் உங்கள் ஊர்க் கடையில் காட்டி, இது கிடைக்குமா என்று கேளுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, மன்னார்குடி போன்ற ஊர்களில் ரிப்பேர் செய்பவர்களே பழைய மிஷினைச் சரிபண்ணி விற்பார்கள். தெரியாத வீட்டில் வாங்குவதைவிட அது நல்லது. கோளாறு வந்தால் கொண்டுபோக ஒரு இடம் இருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் போகாதீர்கள். மெக்கானிக்குகளுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும், நிதானமாகக் காட்ட மாட்டார்கள். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் போனால் உங்களிடமும் கொஞ்சம் காசு இருக்கும், அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

போகும்போது இரண்டு துண்டுத் துணி கொண்டுபோங்கள்: ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். எங்காவது பிடித்து நின்றால் உள்ளே துரு அல்லது தேய்மானம். ஊசி மாட்டும் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லொட லொடவென்று ஆடினால் வேண்டாம். ஊசித் தட்டின் ஓட்டையைச் சுற்றி ஊசி குத்திய வடுக்கள் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவுங்கள். அந்த வடுவில்தான் நூல் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும். தட்டை மாற்றச் செலவு குறைவுதான். ஆனால் மாற்றிக் கொடுத்த பிறகே பணம் கொடுங்கள்.

கடைசியில் இரண்டு துணியிலும் நீங்களே தைத்துப் பாருங்கள், அல்லது விற்பவரைத் தைக்கச் சொல்லி, துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேல்பக்கம் எல்லா மிஷினிலும் அழகாகத்தான் இருக்கும். அடிப்பக்கம் பொய் சொல்லாது.

3. வைக்கும் இடமும் எண்ணெயும்

ஸ்டாண்டின் நான்கு காலும் தரையில் படிய வேண்டும். திண்ணையிலோ சாணம் மெழுகிய தரையிலோ ஒரு கால் தூக்கினால் அடியில் மடித்த அட்டையை வையுங்கள். ஆடும் மிஷினில் நேர்கோடு வராது. புதியவர்கள் அதைத் தங்கள் கையின் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து ஊசியின் மேல் விழும்படி போடுங்கள்.

தையல் மிஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது கொஞ்ச நாளில் பிசினாகி, தூசியைச் சேர்த்துக்கொண்டு மிஷினை இறுக்கிவிடும். அப்படி ஏற்கெனவே இறுகிப்போன மிஷினை மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழுவி வாங்குவதுதான் நல்லது.

தினமும் தைத்தால் வாரம் ஒருமுறை, ஓட்டைக்கு ஒரு சொட்டு. விட்ட பிறகு ஊசிக்கு அடியில் ஒரு கழிவுத் துணியை வைத்து, நூலில்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். அதிகமான எண்ணெய் அந்தத் துணியில் இறங்கிவிடும், நல்ல துணியில் கறை படியாது. பாபின் இருக்கும் குழியில் சேரும் பஞ்சை அப்போதே பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் ஒரு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டும். உப்புக்காற்றில் ஊசித் தட்டும் பாபின் கேஸும் (பாபினைப் போடும் கூடு) சீக்கிரம் துருப்பிடிக்கும். இரவில் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மூடி வையுங்கள். மழைக்காலத்தில் எல்லா ஊருக்கும் இதேதான்.

4. கால் பழக்கம், நூலும் ஊசியும் இல்லாமல்

சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய திருகைத் தளர்த்துங்கள். இப்போது மிதித்தால் சக்கரம் மட்டும் சுற்றும், ஊசி அசையாது. இரண்டு பாதத்தையும் மிதியில் வைத்து, ஒன்றைச் சற்று முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு தட்டுத் தட்டி, அந்த ஓட்டத்தைக் கால் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பாதம், குதிகால், முன்பாதம், குதிகால்.

எல்லாருக்கும் வரும் தவறு, சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிவிடுவது. நூல் கோத்திருக்கும்போது அப்படிச் சுற்றினால் நூல் உள்ளே சிக்கி அறும். அதனால்தான் இப்போதே, நூலில்லாத நிலையிலேயே அந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும். மெதுவாக ஓட்டவும், நினைத்த இடத்தில் நிறுத்தவும், நிறுத்திய இடத்திலிருந்து பின்னால் போகாமல் திரும்பத் தொடங்கவும் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். வேகமாக ஓட்டுவது எல்லாருக்கும் வந்துவிடும். மெதுவாக ஓட்டத்தான் பழக வேண்டும்.

இந்த நாட்களில், ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷினின் பாதத்தைத் தூக்கியே வையுங்கள். அடியில் துணியில்லாமல் அது இறங்கியிருந்தால் கீழே இருக்கும் பற்களோடு உரசித் தேயும்.

5. கோடு போட்ட நோட்டில் தையல்

திருகை இறுக்கி, ஒரு பழைய ஊசியை மாட்டுங்கள். நூல் வேண்டாம். பிள்ளைகளின் முடிந்துபோன கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, கோட்டின் மேலேயே ஓட்டைகள் விழும்படி ஓட்டுங்கள். பார்வை ஊசியில் இருக்கக் கூடாது. ஊசிக்கு முன்னால் ஒரு அங்குலம் தள்ளி, வரப்போகும் கோட்டைப் பாருங்கள். ஊசியையே பார்ப்பவர்களுக்குக் கோடு பாம்பாக நெளியும்.

நேர்கோடு வந்ததும் சதுரம். மூலையில் ஊசி தாளுக்குள் இறங்கிய நிலையில் நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடர வேண்டும். ஊசி மேலே இருக்கும்போது திருப்பினால் மூலை கூராக வராது. பையின் கைப்பிடியிலிருந்து ஜாக்கெட்டின் சதுரக் கழுத்து வரைக்கும் இந்த ஒரு பழக்கம் கூடவே வரும். அப்புறம் வட்டம், கடைசியில் வெளியிலிருந்து உள்ளே போகும் சுருள். சுருளில் கோட்டை விட்டு விலகாமல் வந்துவிட்டால் கழுத்து வளைவு உங்களுக்குப் பயம் காட்டாது.

காகிதத்தில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும். அதைத் துணிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

6. ஊசி, பாபின், நூல்

புதியவர்களின் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு படியில்தான். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் இங்கே வந்து மறுபடி பாருங்கள்.

வீட்டு மிஷின் ஊசியின் மேல்தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து நுழைந்து, தட்டைப் பக்கமாக வெளியே வர வேண்டும். ஊசி மேலே போய் முட்டும்வரை ஏற்றி, அதற்குப் பிறகே திருகை இறுக்குங்கள். பாதி ஏறிய ஊசி ஒன்று தையல் விடும், அல்லது உடையும்.

சாதாரண காடா, பாப்ளின், ரூபியா, பெட்ஷீட் துணிக்கு 16. மெல்லிய காட்டனுக்கு 14. பட்டு, மெல்லிய சிந்தெடிக் துணிக்கு 11. மெல்லிய துணியில் தடித்த ஊசி ஓட்டை விட்டுவிடும். தடித்த துணியில் மெல்லிய ஊசி வளைந்து தட்டில் குத்தி உடையும்.

பாபினில் நூல் சுற்றும்போது ஒரே பக்கம் மேடாகச் சேரக் கூடாது, விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. பழைய நூலின் மேல் புதிய நூலைச் சுற்றாதீர்கள், அடியில் சிக்கும். பாபினைக் கேஸில் போட்டு, நூலைப் பிளவு வழியாகத் தகட்டுக்கு அடியில் இழுத்துவிட்டு, ஒரு சோதனை: நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு. லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். கேஸை மிஷினில் மாட்டும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது சரியாக உட்காரவில்லை. அப்படியே மிதித்தால் ஊசி போய்விடும்.

மேல்நூலைக் கோக்கும்போது பாதத்தைத் தூக்கி வையுங்கள். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் விலகி, நூல் அவற்றின் நடுவில் இறங்கும். பாதத்தை இறக்கிவிட்டுக் கோத்தால் நூல் தட்டுக்கு வெளியே நிற்கும். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். அடியில் மட்டும் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கும். தட்டிலிருந்து ஏறி இறங்கும் லீவரின் ஓட்டை, அங்கிருந்து ஊசி.

கோத்த பிறகு மேல்நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் அடிநூல் வளையமாக மேலே வரும். இரண்டு நூலையும் நான்கு அங்குலம் விட்டு, பாதத்துக்கு அடியில் பின்பக்கமாகத் தள்ளுங்கள். முதல் மூன்று நான்கு தையலுக்கு அந்த நுனிகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் லீவர் உச்சியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முதல் மிதியிலேயே நூல் ஊசியை விட்டுக் கழன்றுவிடும்.

7. தையல் சரியா என்று பார்ப்பது

மேலே வெள்ளை நூல், பாபினில் கறுப்பு நூல் போட்டு, இரண்டாக மடித்த காடாத் துணியில் தையுங்கள். இரு நிறம் போட்டால்தான் எந்த நூல் தவறு செய்கிறது என்று தெரியும்.

மேலே கறுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம், டென்ஷன் திருகைத் தளர்த்துங்கள். அடியில் வெள்ளை நூல் வளையமாகக் கிடந்தால் மேல்நூல் தளர்வு. ஆனால் திருகைத் தொடுவதற்கு முன்னால் நூலைக் கழற்றி மறுபடி கோத்துப் பாருங்கள், அதிலேயே சரியாகிவிடுவது அதிகம். திருகை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

தையல் நீளம் ஒரு அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் இருக்கட்டும். ஸ்கேலை வைத்து எண்ணிப் பாருங்கள். முதல்முறை உடம்பில் போட்டுப் பார்க்க மட்டும் 6, 7 தையலாகப் பெரிதாக வைத்தால் பிரிக்கச் சுலபம்.

துணியை இழுக்காதீர்கள். கீழே இருக்கும் பற்கள் அதைத் தானே நகர்த்தும். இடது கை துணியைத் திசை காட்டுகிறது, வலது கை வழிவிடுகிறது, அவ்வளவுதான். பின்னாலிருந்து இழுப்பவர்களுக்கு ஊசி வளைந்து உடையும், தையலும் சுருங்கும்.

8. துணியைத் தெரிந்துகொள்வது

காட்டன் துணியை நனைக்காமல் வெட்டாதீர்கள். ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். புதுத் துணியின் கஞ்சி போகும், சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்கினால் எடுத்த அளவுக்கு அர்த்தமில்லை. ஜாக்கெட் துணியை நனைத்துவிட்டு, உள்ளே வைக்கும் லைனிங் துணியை நனைக்க மறப்பவர்கள் நிறையப் பேர். முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும்.

துணியின் இரு ஓரத்திலும் பிரியாமல் இறுகி ஓடுவது கரை. கரையோடு போகும் நீளத்தில் துணி அதிகம் இழுபடாது. அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை, அதாவது கிராஸில், ரப்பர் மாதிரி இழுபடும். ஒரு துண்டுக் காடாவை மூன்று திசையிலும் இழுத்துப் பார்த்து விரலில் உணர்ந்துகொள்ளுங்கள். உடையின் நீளம் கரையோடு போவதும், கழுத்து விளிம்பில் வைத்துத் தைக்கும் பைப்பிங் பட்டையைக் கிராஸில் வெட்டுவதும் இதனால்தான்.

பழகும் துணிக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். தீபாவளி முடிந்ததும் டைலர் கடைகளில் வெட்டுத்துணி மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். நைந்துபோன வேட்டியும் சேலையும் முதல் பழக்கத்துக்கு நல்லதல்ல, வழுக்கும், நெளியும். கொஞ்சம் விறைப்பாக இருக்கும் காடாவும் பழைய பெட்ஷீட்டும் புதிய கைக்கு அடங்கும்.

9. முதல் பொருள்: மஞ்சப்பை

நேர்கோடு, மூலை, மடிப்பு மூன்றும் இதில் வந்துவிடும். தப்பு நடந்தாலும் பை பைதான். 36 அங்குல அகலக் காடா ஒரு மீட்டரில் இரண்டு பை வரும். அகலத்தில் 15, 15, 3, 3 என்று கோடு போடுங்கள். 15 அங்குலப் பட்டை இரண்டும் பையின் உடல். அவற்றை 35 அங்குல நீளத்தில் வெட்டுங்கள். 3 அங்குலப் பட்டைகளைப் பாதியாக வெட்டினால் நான்கு கைப்பிடி. நனைத்ததில் அகலம் குறைந்திருந்தால் உடலின் அகலத்தில் அரை அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்லாக் இல்லாமலே ஓரம் பிரியாமல் இருக்க இரட்டைத் தையல் போடுங்கள். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி பையை மடித்து, இரு பக்கமும் விளிம்பிலிருந்து கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாக ஒரு தையல். நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டுங்கள். பிறகு பையை உள்வெளியாகத் திருப்பி, முந்தைய தையலை நகத்தால் ஓரத்துக்குக் கொண்டுவந்து அழுத்தி, கால் அங்குலத்துக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடங்கிவிடும். உள்பாவாடைக்கும் தலையணை உறைக்கும் இதே தையல்தான்.

மேல்விளிம்பை அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் என்று இரண்டு மடிப்பாக மடித்து, கைப்பிடியின் நுனியை அந்த மடிப்புக்குள் நுழைத்துத் தையுங்கள். நுனி வெளியே தெரிந்தால் சீக்கிரம் பிரியும். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி மாதிரித் தைத்தால் ஐந்து கிலோ அரிசியைத் தூக்கினாலும் அறாது.

இடையிடையே இஸ்திரிப் பெட்டி வேண்டும். ஒவ்வொரு தையலையும் அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால்தான் கடையில் தைத்த மாதிரி வரும். பெட்டி இல்லாவிட்டால் அடி தட்டையான பித்தளைச் சொம்பில் கொதிநீர் ஊற்றித் துணியின் மேல் தேயுங்கள், காட்டனுக்கு அது போதும்.

10. தலையணை உறை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 17-க்கு 27 அங்குலத் தலையணைக்கு, அகலம் 18, நீளம் 62. நீளத்தின் இரு நுனியையும் மடித்துத் தைத்துவிட்டு, 6 அங்குலம் உள்மடிப்பு வரும்படி மடித்து, இரு பக்கமும் அடைத்தால் முடிந்தது. பெரும்பாலானவர்கள் உள்மடிப்பை எந்தப் பக்கம் மடிப்பது என்பதில் குழம்புவார்கள். துணியில் வெட்டுவதற்கு முன்னால் ஒரு நீளத் தாளை மடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. உள்பாவாடை

உடம்பின் அளவு முதன்முதலாக உள்ளே வரும் இடம் இது. ஆறு பாகம் வைத்த பாவாடையைச் சொல்கிறேன், துணி வீணாகாது.

36 அங்குல அகலப் பாப்ளின், இரண்டேகால் மீட்டர். நனைத்து உலர்த்தியாயிற்று. இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தின் சுற்றளவு 40 அங்குலம், முடிந்த பாவாடையின் உயரம் 37 என்று வைத்துக்கொள்வோம்.

40-உடன் தளர்வுக்கு 2 சேர்த்து 42. ஆறால் வகுத்தால் 7. தையலுக்கு இரு பக்கமும் அரை அங்குலம், ஆக ஒரு பாகத்தின் மேல் அகலம் 8. கீழ் அகலம் 13½. பாகத்தின் நீளம் 38. நாடா போகும் இடுப்புப் பட்டி ஒரு அங்குலம் மேலே சேரும், கீழ் மடிப்பு ஒன்றரை, பட்டியோடு சேரும் தையல் அரை. அதெல்லாம் கூட்டிக் கழித்தால் 37 நிற்கும். உங்கள் சுற்றளவு வேறாக இருந்தால் இதே கணக்கைப் போடுங்கள்.

முதலில் செய்தித்தாளில் ஒரு பாகத்தை வரையுங்கள். நடுவில் 38 அங்குல நேர்கோடு. மேலே இரு பக்கமும் 4, கீழே இரு பக்கமும் 6¾. புள்ளிகளைச் சேர்த்து வெட்டுங்கள். துணியில் இந்த அச்சை ஒருமுறை நேராக, ஒருமுறை தலைகீழாக, மறுபடி நேராக வையுங்கள். கீழ்வரிசையில் 13½, 8, 13½, மொத்தம் 35. ஒரு நீளத்தில் மூன்று பாகம், இரண்டு நீளத்தில் ஆறு. எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் அரை மீட்டருக்கு மேல் கூடுதலாக வேண்டும். ஆனால் பூவோ கொடியோ ஒரே திசையில் போகும் பிரிண்ட் துணியில் இப்படித் தலைகீழாக வைக்கக் கூடாது, பாதிப் பாகத்தில் பூ கவிழ்ந்து நிற்கும். பிளெயின் துணியே எடுங்கள்.

மீதமிருக்கும் நீளத்தில் 3 அங்குலப் பட்டை இரண்டு பட்டிக்கு, 2 அங்குலப் பட்டை இரண்டு நாடாவுக்கு.

பாகங்களைச் சேர்க்கும்போது அகலமான கீழ்ப்பக்கத்திலிருந்து குறுகலான மேல்பக்கத்துக்குத் தையுங்கள். சாய்ந்த ஓரம் கொஞ்சம் இழுபடும். மேலிருந்து கீழே தைத்தால் ஒரு துணி மற்றதைவிட நீண்டுவிடும். அதை வெட்டிச் சமன் செய்பவர்களுக்குக் கீழ்விளிம்பு ஏறி இறங்கி நிற்கும். நான்கு அங்குலத்துக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஐந்து தையலை முழுமையாகப் போடுங்கள். ஆறாவது இடுப்பின் இடப்பக்கம் வரும். அதில் மேலே 5 அங்குலத்தைத் தைக்காமல் விட்டு, அந்த ஓரங்களை மடித்து அடியுங்கள். திறப்பு முடியும் இடத்தில் ரிவர்ஸ் தையல், அதாவது முன்னும் பின்னுமாக ஓட்டும் தையல், மூன்று முறை போடுங்கள். பாவாடைகள் கிழிவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

பட்டித் துண்டுகளைச் சேர்த்து 43 அங்குலமாக்கி, இரு நுனியையும் மடித்துத் தைத்துவிட்டு, பாவாடையின் மேல்விளிம்போடு இணையுங்கள். நுனி மூடிவிட்டால் நாடா போகாது, கவனம். கடைசியில் கீழ்மடிப்பு. உடுத்திப் பார்த்து, யாரையாவது தரையிலிருந்து அளக்கச் சொல்லி மடியுங்கள்.

இதே பாவாடையை இரண்டு பேருக்கு அளவெடுத்துத் தையுங்கள். அளவு எடுப்பதும் கணக்குப் போடுவதும் அப்போதுதான் கையோடு வரும்.

12. நடுவில் ஒரு நைட்டி

நைட்டியில் கழுத்து வளைவும் கையும் வரும், ஆனால் உடல் தளர்வு என்பதால் அரை அங்குலத் தவறு தெரியாது. ஜாக்கெட்டுக்கு முன்னால் இதைத் தைப்பவர்கள் வளைவைப் பற்றிய பயத்தை இங்கேயே விட்டுவிடுகிறார்கள். கழுத்தைத் திருப்பும் முன்னால் வளைவின் பிசிறில் அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டுக் கொடுங்கள், தையலைத் தொடாமல். வெட்டுக் கொடுக்காத கழுத்து சுருண்டு நிற்கும்.

13. ஜாக்கெட்

சரியாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றை எடுத்து, ஒரு பாதியை மட்டும் பிரியுங்கள். மறு பாதி அப்படியே இருக்கட்டும். சேர்க்கும்போது எது எங்கே வரும் என்று பார்த்துக்கொள்ள அதுதான் உங்கள் வாத்தியார். பிரித்த துண்டுகளை இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் வைத்து வரையுங்கள். பழைய தையல் ஓடிய கோட்டை வரைந்துவிட்டு, அதற்கு வெளியே தையலுக்கு விடும் துணியைத் தனியாகக் குறியுங்கள்: தோளிலும் கைக்குழியிலும் அரை அங்குலம், பக்கத்தில் ஒன்றரை. பக்கத்தில் விட்டது பின்னால் பிரித்துப் பெரிதாக்க உதவும்.

முதல் ஜாக்கெட்டைக் காடாவில் தையுங்கள், லைனிங் இல்லாமல். சேர்க்கும் வரிசை: டாட், முன்பக்கக் கொக்கிப்பட்டி, தோள், கழுத்து, கை, கடைசியில் பக்கம். பக்கத்தை அடைப்பதற்கு முன்பே கையைத் தைத்தால் துணி தட்டையாகப் படுக்கும், வளைவு சுலபமாக வரும்.

டாட்டின் கூர்முனையில் ரிவர்ஸ் போடாதீர்கள். விளிம்போடு நழுவி முடித்து, நூலை முடிச்சுப் போடுங்கள். ரிவர்ஸ் போட்டால் அந்த இடத்தில் கட்டி மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும்.

அடிக்கடி நடக்கும் இரண்டு தவறு. ஒன்று, இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுவது. துணியை இரண்டாக மடித்து, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து வெட்டினால் இது நடக்காது. வெட்டியதும் ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் சாக்கால் ‘வலது’, ‘இடது’, ‘முன்’ என்று எழுதுங்கள். மற்றது, கழுத்தை முழு ஆழத்துக்கு முதலிலேயே வெட்டுவது. அரை அங்குலம் குறைவாக வெட்டி, போட்டுப் பார்த்து இறக்குங்கள். வெட்டிய கழுத்தை ஒட்ட வழியில்லை.

காடாவில் பொருந்திய பிறகு ரூபியா. லைனிங் வைத்தது அதற்கும் பிறகு. கல்யாணப் பட்டு ஜாக்கெட்டில் கை வைக்க அவசரம் வேண்டாம்.

14. பயிற்சியும் சான்றும்

வீட்டிலேயே பழகினாலும் ஒரு சான்றிதழ் இருப்பது பின்னால் உதவும். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை வங்கிகள் மாவட்டவாரியாக நடத்துகின்றன. தஞ்சாவூரில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அங்கே பெண்களுக்கான தையல் பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. மேலே இருக்கும் 11-ஆம் படி வரை முடித்துவிட்டுப் போனால், மற்றவர்கள் மிதிக்கப் பழகும் நாட்களில் நீங்கள் வெட்டப் பழகலாம்.

அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு நிலை இருக்கிறது. சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டத்தில் கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். அதற்குத் தையல் தெரியும் என்ற சான்றும் வருமானச் சான்றும் கேட்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் நேரில் போய், இந்த ஆண்டின் வயது, வருமான வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் தைக்கிறார்கள். உறுப்பினராவது பற்றியும் அதே அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

15. வெளியாள் துணியை எப்போது எடுப்பது

முதலில் சேலைக்கு ஓரம் அடிப்பது, ஃபால்ஸ் வைப்பது, நைட்டி உயரம் குறைப்பது, ஜூன் மாதத்தில் யூனிபார்ம் பேன்ட் மடிப்பது. இவற்றில் துணியை வெட்டிக் கெடுக்கும் ஆபத்து குறைவு, கையில் காசும் வரும். பாவாடை, நைட்டி அடுத்து. ஜாக்கெட் எடுப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் மூன்று வேறு உடம்புக்குத் தைத்து, அவர்கள் குறை சொல்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

அளவுக்குத் தனி நோட்டுப் போடுங்கள். ஒருவருக்கு ஒரு பக்கம். பெயர், தேதி, அளவுகள், அளவுக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் அவர் சொன்ன குறை, துணியை நனைத்தீர்களா இல்லையா. அந்தப் பக்கத்திலேயே துணியின் ஒரு சின்னத் துண்டைக் குண்டூசியால் குத்தி வையுங்கள். தீபாவளி நெருக்கத்தில் ஒரே நிறத்தில் நான்கு ரூபியா வந்து நிற்கும்போது எது யாருடையது என்று அந்தத் துண்டு சொல்லிவிடும்.